கிக்கர் போய் பொத்தான் வந்த கதை



போன வாரம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒன்றரை மாதமாக வீட்டு வாசலில் உறை போட்டுக் கிடந்த அவனுடைய மோட்டார் சைக்கிளைத் துடைத்து, சாவியைத் திருப்பி, பொத்தானை அழுத்தினான். 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினான், மறுபடி 'டிக்'. மூன்றாம் முறை அதுவும் இல்லை.

"கிக்கரை உதைச்சுப் பாருடா" என்றேன் திண்ணையிலிருந்து.

"இந்த வண்டியில கிக்கரே கிடையாது தாத்தா."

எழுந்து போய்ப் பார்த்தேன். உண்மைதான், கிக்கர் இருக்க வேண்டிய இடம் மொழுக்கென்று இருந்தது. தெரு முனை வரை இரண்டு பையன்களை வைத்துத் தள்ளியும் வண்டி எடுக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் வந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனார். அன்று சாயந்திரம் அவனுக்குச் சொன்ன பழைய கதையைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலருக்கு இதில் பாதி அனுபவமாகத் தெரிந்திருக்கும்.

பேட்டரி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இயற்பியல் வகுப்பில் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லிக் கொடுப்பார்கள். 'பீல்' ஒன்று, 'அக்குமுலாத்தேர்' ஒன்று. பீல் என்பது டார்ச் லைட்டில் போடும் கட்டை மாதிரி, தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியது. அக்குமுலாத்தேர் என்றால் சேர்த்து வைப்பது. தீர்ந்தால் திரும்ப நிரப்பலாம். எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு தகடுகளை வரைந்து, கீழே 'காஸ்தோன் பிளாந்தே, 1859' என்று எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது என்பதால் ஆசிரியருக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

வோல்ட்டா 1800-இல் முதல் மின்கலத்தைச் செய்து காட்டிவிட்டார். ஆனால் அது செலவழிந்தால் செலவழிந்ததுதான். பிளாந்தே பாரிஸில் எட்மோன் பெக்கெரெல் என்ற அறிஞரிடம் உதவியாளராக இருந்தவர். இரண்டு ஈயத் தகடுகளை, ஒன்றையொன்று தொடாதபடி நடுவில் ரப்பர் பட்டை வைத்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் இறக்கினார். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. 1860-இல் ஒன்பது கலங்களைச் சேர்த்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. தகடுகள் பழகுவதற்குத் திரும்பத் திரும்ப நிரப்பிக் காலி செய்ய வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். இன்னொரு பிரெஞ்சுக்காரரான கமீய் ஃபோர், 1880-ஐ ஒட்டி, ஈய ஆக்சைடைக் களிம்பாகக் குழைத்துத் தகட்டின்மேல் பூசினால் போதும் என்று கண்டுபிடித்தார். நம் வண்டிகளில் இருக்கும் ஈய பேட்டரிகளெல்லாம் இன்றும் அந்தப் பூச்சு வழியில் வந்தவைதான். 1899-இல் பாரிஸுக்கு அருகே அஷேரில், ஈய பேட்டரிகளை ஏற்றிய மின்சாரக் கார் ஒன்று முதல்முறையாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. இப்போது மின்சார வண்டியைப் புதுமை என்கிறார்கள்!

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். எஞ்சினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அதற்குச் சரியான நேரத்தில் ஒரு பொறி வேண்டும். 1895 வாக்கில் பிரான்சின் தெ தியோன்-பூத்தோன் கம்பெனி தன் மூன்று சக்கர மோட்டார் வண்டியில் பேட்டரியும் காயிலும் வைத்துப் பொறி உண்டாக்கியது. வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆனால் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஏற்பாடு அதில் கிடையாது. பேட்டரி தீர்ந்த இடத்தில் வண்டி நிற்கும். 'ஆன் பான்' என்று பிரெஞ்சில் சொல்வார்கள், வண்டி மக்கர் பண்ணி வழியில் நிற்பதற்கு. அந்தக் காலத்தில் அதற்குப் பெரும்பாலும் காரணம் பேட்டரியோ அதன் ஒயரோதான்.

இதற்கு விடை ஜெர்மனியிலிருந்து வந்தது. ரோபர்ட் போஷ் 1897-இல் அதே தெ தியோன்-பூத்தோன் மூன்று சக்கர வண்டி ஒன்றில் மேக்னட்டோவைப் பொருத்திக் காட்டினார். காந்தமும் கம்பிச் சுருளும் உள்ள அந்தக் கருவியை எஞ்சினே இயக்கும், அதிலிருந்து பொறி வரும். 1902-இல் அவரிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட் அதை உயர் மின்னழுத்த மேக்னட்டோவாக மேம்படுத்தினார். அதன்பின் மோட்டார் சைக்கிள்காரர்கள் பல ஆண்டுகள் பேட்டரியை மறந்தே இருந்தார்கள். காலால் உதைத்தாலோ தள்ளிக்கொண்டு ஓடினாலோ எஞ்சின் சுழலும். எஞ்சின் சுழன்றால் பொறி வரும். நடுவில் யார் தயவும் வேண்டாம்.

நம் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள் சிலர் வைத்திருந்த சோலெக்ஸ் சைக்கிளும் மொபிலெட்டும் இந்த ரகம். சோலெக்ஸ் 1946-லிருந்து விற்பனைக்கு வந்தது. முன் சக்கரத்தின்மேல் ஒரு குட்டி எஞ்சின், ஓர் உருளையை டயரின் மேல் அழுத்திச் சக்கரத்தைச் சுற்றும். அதில் பேட்டரி கிடையாது. மொபிலெட்டின் தம்பிதான் பிறகு திருப்பதியில் தயாராகி நம் தெருக்களில் ஓடிய சுவேகா. மிதித்தால் கிளம்பும், நிறுத்தினால் நிற்கும், மாதக்கணக்கில் மூலையில் கிடந்தாலும் கோபித்துக்கொள்ளாது.

அப்படியானால் பேட்டரி ஏன் திரும்பி வந்தது? உதைக்கச் சிரமப்பட்டதால்தான். காரில் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும், அது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் 1912 மாடல் காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் செய்து கொடுத்தார். என்னைப் போன்ற குமாஸ்தாவுக்குப் பிடித்த செய்தி ஒன்று இதில் உண்டு. கெட்டரிங் அதற்கு முன்பு கல்லாப்பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லா இயந்திரத்தை மின்சாரத்தால் இயக்கச் சிறிய மோட்டார் ஒன்றை வைத்தவர். ஒரு விநாடி மட்டும் வேலை செய்ய வேண்டிய மோட்டார், அந்த ஒரு விநாடிக்குத் தன் சக்திக்கு மீறி இழுக்கலாம், பிறகு ஓய்வெடுத்துக்கொள்ளும். அந்த யோசனைதான் காருக்கும் உதவியது.

உடனே மோட்டார் சைக்கிளுக்கும் ஆசை வந்தது. 1914-இல் அமெரிக்காவின் 'இந்தியன்' கம்பெனி (பெயர்தான் இந்தியன், ஊர் மாசசூசெட்ஸ்) 'ஹெண்டீ ஸ்பெஷல்' என்ற வண்டியை மின்சார ஸ்டார்ட்டருடன் கொண்டுவந்தது. காரில் வெற்றி பெற்ற ஏற்பாடு இங்கே தோற்றது. காரில் பெரிய பேட்டரியை வைக்க இடம் உண்டு. மோட்டார் சைக்கிளில் வைக்க முடிந்த சின்ன பேட்டரிகளால், அந்தக் காலத்து ரோட்டுக் குலுக்கலையும் தாங்கிக்கொண்டு, பெரிய எஞ்சினைத் தினமும் பல தடவை சுழற்ற முடியவில்லை. ஓராண்டுக்குள் அந்த மாடலைக் கைவிட்டார்கள். சாதாரண ஜனங்கள் வாங்கும் சின்ன வண்டியில் பொத்தான் நிலைத்தது 1960 வாக்கில், ஜப்பானில் ஹோண்டாவின் சூப்பர் கப் வரிசை வண்டிகளில்தான்.

நம் நாட்டில் அந்த வசதி வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. நாம் கண்டதெல்லாம் புல்லட்டும் ஜாவாவும் ராஜ்தூத்தும். புல்லட் 1955 முதல் சென்னையோடு சேர்ந்த பெயர், திருவொற்றியூர் ஆலையின் வண்டி. அதைக் கிளப்புவது ஒரு பூஜை மாதிரி. சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட்டின் மேலுள்ள அம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். டீகம்ப்ரஷர் நெம்பை இழுத்துப் பிடித்து, இன்னும் ஒரு துளி இறக்கி, நெம்பை விட்டு, பிறகு முழு உடம்பின் கனத்தோடு ஓர் உதை. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கெண்டைக்காலில் அந்த வடுவோடு இருப்பவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருப்பார்கள்.

மைசூரில் 1960களின் தொடக்கத்திலிருந்து தயாரான ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே நெம்புதான். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர், திரும்பக் கீழே விட்டால் கியர். புதிதாக ஓட்டுகிறவன் திகைத்து நிற்பான். இதில் 6 வோல்ட் பேட்டரி. ஒரு கலத்துக்கு 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், மூன்று கலம் சேர்த்தால் 6. ஸ்டார்ட்டர் கிடையாது, ஆனால் பொறிக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்துதான். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே டைனமோ பேட்டரியை நிரப்பும். ஆகவே கிக்கர் இருந்தும் பேட்டரி செத்தால் வண்டி கிளம்பாது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

1979-இல் நான் கீழ்நிலை எழுத்தர். அலுவலகத்தில் அட்வான்ஸ் வாங்கி, பழைய ஜாவா ஒன்றை வாங்கியிருந்தேன். முத்தியால்பேட்டையில் வாடகை வீடு. அம்மாவுக்கு இழுப்பு நோய், மழைக்காலத்தில் அதிகமாகும். கார்த்திகை மாதத்தில் ஒருநாள் இரவு, மணி இரண்டு இருக்கும், மூச்சு விட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். உதடு நீலம் பாரித்துவிட்டது.

ஓடிப்போய் வண்டியை எடுத்தேன். சாவியைப் போட்டதும் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு, பீடி நெருப்பு மாதிரி மினுக்கியது. ஹாரன் தவளைபோல ஒரு முறை கத்தி அடங்கியது. இருபது உதை உதைத்தேன், முப்பது உதை உதைத்தேன். தம்பியும் நானும் மழையில் தள்ளிக்கொண்டு ஓடினோம். நம் ஊரைப் பற்றித்தான் தெரியுமே, கோரிமேட்டை விட்டால் மேடு எங்கே, பள்ளம் எங்கே? தட்டையான தெருவில், முழங்கால் தண்ணீரில், டைனமோ கண் விழிக்கும் வேகம் எங்களால் கொடுக்க முடியவில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு முசியே கதவைத் திறந்தார். இந்தோசீனாவில் இருந்து வந்த சொல்தா, அறுபதைத் தாண்டியவர். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் பழைய மொபிலெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஸ்டாண்டுல போட்டு மிதி தம்பி" என்றார். நாலு மிதி, அது பொரியத் தொடங்கியது. அதில் போய் மார்க்கெட் பக்கத்திலிருந்து ரிக்‌ஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அம்மாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்கும்போது முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, விடியும்போது மூச்சு சீரானது. "இன்னும் தாமதமாகியிருந்தால் சொல்வதற்கில்லை" என்றார் டாக்டர். வண்டியில் போயிருந்தால் பத்து நிமிஷம்.

மறுநாள் மெக்கானிக் பேட்டரியின் மூடிகளைத் திறந்து, டார்ச் அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே தண்ணீர் தகட்டுக்குக் கீழே போயிருந்தது. மேலே தெரிந்த தகடுகளில் சுண்ணாம்பு பூத்ததுபோல வெள்ளை.

"கடைசியா எப்ப சார் தண்ணி ஊத்தினீங்க?"

எனக்கு நினைவில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே சரியாகத் தெரியாது என்பதுதான் உண்மை. இயற்பியல் வகுப்பில் பிளாந்தேயின் பிறந்த ஊர் வரை ஒப்பித்தவன், என் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

அந்த மெக்கானிக் சொன்னதும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சுருக்கமாக இதுதான். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும். நிரப்பும்போது அது கரைந்து பழையபடி ஆகும். இது இயற்கை. ஆனால் தீர்ந்த நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அந்தப் படிவு கெட்டியான படிகமாகி, பிறகு சார்ஜ் போட்டாலும் கரையாது. தகட்டில் அந்த இடம் செத்த இடம். தண்ணீர் வற்றி வெளியே தெரியும் பகுதியும் அப்படித்தான். இதோடு நம் ஊர் வெயில். சூடு 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. கடற்காற்றில் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூப்பது வேறு.

நான் கணக்குப் பிரிவில் இருந்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் புரிந்தது: ஸ்டார்ட்டர் ஒரே தடவையில் பெரிய தொகை எடுக்கும். எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாக வரவு வைக்கும். பக்கத்துக் கடைக்கு ஐந்து நிமிடம் போய் வந்தால், எடுத்தது முழுதும் திரும்பி வராது. வண்டி சும்மா நிற்கும்போதும் பேட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடிகாரம், அலாரம் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆக, ஓட்டித் தேய்ந்து சாகும் பேட்டரியைவிட, நிறுத்தி வைத்தே சாகும் பேட்டரி அதிகம். 2020 ஊரடங்கு முடிந்து வண்டியை எடுத்தபோது நம்மில் எத்தனை பேர் மெக்கானிக்கைத் தேடினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

1980களின் நடுவில் கைனடிக் ஹோண்டா வந்தது. கியர் இல்லை, பொத்தானை அழுத்தினால் கிளம்பும். புடவை கட்டிய பெண்கள் உதைக்காமல் வண்டி எடுக்க முடிந்தது சின்ன விஷயமா? என் மனைவி வேலைக்குத் தானே போகத் தொடங்கியது அந்த வண்டியில்தான். ஆகவே பொத்தானைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 12 வோல்ட் வந்தது, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரி வந்தது. கிக்கரும் கூடவே இருந்தது. பொத்தான் கைவிட்டால் கால் இருந்தது.

பிறகு மெல்ல எல்லாப் பொறுப்பும் பேட்டரியின் தலையில் ஏறியது. 2017 ஏப்ரல் முதல் புது வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்று விதி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய், பெட்ரோலை மின்சார பம்ப் பீய்ச்சும் முறை வந்தது. பம்புக்கும் அதை ஆளும் சின்னக் கணினிக்கும் பேட்டரி வேண்டும். அது முழுக்க இறங்கிவிட்டால் தள்ளினாலும் பெரும்பாலும் பயனில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரையோ தள்ளிக் கிளப்பவே முடியாது. இந்த நிலையில்தான் பல வண்டிகளிலிருந்து கிக்கரையும் எடுத்துவிட்டார்கள். 1895-இல் தெ தியோன்காரர் இருந்த இடத்துக்கே சுற்றி வந்துவிட்டோம் என்று பேரனிடம் சொன்னேன். "அவருக்கு ஓடும்போது சார்ஜ் ஏறாது, எனக்கு ஏறுமே தாத்தா" என்றான். சரியான பதில்தான். "ஓட்டினால்தானே ஏறும்?" என்றேன்.

வயதானவர்கள் வீட்டில் வண்டி அதிகம் ஓடுவதில்லை. அதனால் நான் செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் வண்டியை ஓட்டுகிறேன். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் உறுமவிடுவதால் பயன் இல்லை. காலையில் முதல் தடவை கிக்கரால் எடுக்கிறேன், முழங்கால் அனுமதித்தால். பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்துவதில்லை, எடுக்காவிட்டால் சற்றுப் பொறுத்துத்தான் மறுபடி. ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போனால் பேட்டரியின் கறுப்பு ஒயரை, அதாவது நெகட்டிவை, கழற்றி வைத்துவிடுகிறேன். டெர்மினலைச் சுத்தம் செய்து வாசலின் தடவுகிறேன். மூடி திறக்கும் ரகமாக இருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரோ ஆசிட்டோ கூடாது. சின்ன மல்ட்டிமீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிம்மதி. 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போடக் கொடுப்பேன். எஞ்சின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை வர வேண்டும். வரவில்லை என்றால் பேட்டரியை மாற்றுவதில் அர்த்தமில்லை, சார்ஜ் செய்யும் பகுதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அம்மா அதன்பிறகு பதினான்கு ஆண்டுகள் இருந்தார்கள். அந்த இரவைப் பற்றி ஒரு வார்த்தை குத்திக்காட்டியதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் குத்துவிளக்கைத் துலக்கி எண்ணெய் விடும்போது மட்டும், உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "வண்டிக்குத் தண்ணி பாத்தியாடா?" அந்த ஜாவாவை விற்ற பிறகும், தண்ணீரே தேவைப்படாத பேட்டரி வந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் "பாத்தாச்சும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேரன் ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக்குத் திரும்பினான். புது பேட்டரி போட்ட வண்டியின் சாவியை என்னிடம் கொடுத்து, "வாரா வாரம் நீங்க ஓட்டிடுங்க தாத்தா" என்றான். எனக்கு அந்த உயரத்துக்குக் கால் எட்டாது. எதிர்வீட்டுப் பையனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் வருவான்.